குழந்தைகளோடு அச்சு பிஸ்கட் செய்வது: முதன்முறை முயல்பவர்களுக்கு

விடுமுறை தொடங்கிய சில நாள்களிலேயே குழந்தைகள் சமையலறை வாசலில் வந்து நின்று, தாங்களும் ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஓர் உருண்டை மாவைக் கையில் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தால் சிறிது நேரம் பொழுது போகும். ஆனால், தாங்கள் செய்தது எல்லோரும் உண்ணும் தட்டுக்கு வரவேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. அந்த ஆசையை நிறைவேற்றக்கூடிய பலகாரங்களில், முதன்முறை முயல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, நட்சத்திரம், பிறை, இலை, மீன் என்று அச்சில் வெட்டிச் சுட்டு மேலே ஐசிங் என்னும் சர்க்கரைக் குழைவைப் பூசும் வெண்ணெய் பிஸ்கட்டைத்தான். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது. ஓவன் இல்லாதவர்களுக்கும், சாக்லேட்டில் கைவைக்க விரும்புபவர்களுக்கும் பிற்பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பிஸ்கட்டை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பிஸ்கட் மாவு பொறுமையானது. குழந்தை நடுவில் எழுந்து போய்விட்டால் மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் தொடரலாம். வெட்டிய வடிவம் சிதைந்தால் மீண்டும் திரட்டித் தேய்க்கலாம். சர்க்கரைப் பாகு அப்படிக் காத்திருக்காது. பாகு பதத்துக்கு வரும்போது அதன் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும்; தோலில் பட்டால் தண்ணீரைப் போல வழிந்து ஓடாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும். ஆகவே பாகு காய்ச்சவேண்டிய எந்தப் பலகாரத்தையும் சிறு குழந்தைகளோடு சேர்ந்து செய்ய வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

குழந்தையை அழைப்பதற்கு முன்

நான் முதன்முறை இதைச் செய்தபோது என் மகளுக்கு நான்கு வயது, அண்ணன் மகனுக்கு ஆறு வயது. இருவரையும் கூப்பிட்டு மேசைமுன் நிறுத்திய பிறகுதான் வெண்ணெயை வெளியே எடுத்தேன். அது கல்லாக இருந்தது. வெண்ணெய் இளகும்வரை மாவை அளந்தோம், சர்க்கரையைச் சலித்தோம், தராசைத் தேடினோம். உண்மையான வேலை தொடங்குவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது; இருவரும் விளையாடப் போய்விட்டார்கள், மீதியை நான் ஒருத்தியாகவே செய்து முடித்தேன். சிறு குழந்தைகள் ஒரே வேலையில் ஊன்றி நிற்கும் நேரம் குறைவு; என் அனுபவத்தில் நான்கு வயதில் அது பதினைந்து, இருபது நிமிடம்தான். அந்த நேரத்தை அளப்பதிலும் தேடுவதிலும் செலவழித்துவிட்டால், பிசையவும் வெட்டவும் அவர்களிடம் ஆர்வம் மிஞ்சுவதில்லை.

எனவே வேலையை மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாவு பிசைதல், இரண்டாம் நாள் வெட்டிச் சுடுதல், மூன்றாம் நாள் ஐசிங் பூசுதல். ஒவ்வோர் அமர்வும் அரை மணி நேரத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கவேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுக்குத்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு, நாளைக்கும் வேலை இருக்கிறது என்பதே மகிழ்ச்சி.

முதல் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே வெண்ணெயை வெளியே எடுத்து வைத்துவிடவேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும். ஆனால் பளபளப்பாகவோ எண்ணெய் கசிந்தோ இருக்கக்கூடாது. சுமார் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும் வெண்ணெய்க்கு அந்தப் பதம் இருக்கும். வெப்பமான நாள்களில் அரை மணி நேரமே போதும். மற்ற எல்லாப் பொருள்களையும் எடைபோட்டுச் சிறு கிண்ணங்களில் வரிசையாக வைத்துவிட்டு, கீழே ஈரத்துணி விரித்து அதன்மேல் பிசையும் பாத்திரத்தை வையுங்கள். குழந்தை இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக் கலக்கும்போது பாத்திரம் சுழன்று போகாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. மேசை குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு இருக்கவேண்டும். ஆடாத முக்காலி இல்லையென்றால், தரையில் சுத்தமான விரிப்பு போட்டு எல்லோரும் கீழேயே உட்கார்ந்துவிடலாம். அதில் விழுகிற பயமும் இல்லை.

நகம் வெட்டி, நீண்ட முடியைப் பின்னிக் கட்டி, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவவைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

யாருக்கு எந்த வேலை

வயதுக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பதில் நாம் இரண்டு பக்கமும் தவறுகிறோம்: சிறியவர்களுக்குக் கடினமானதையும், பெரியவர்களுக்கு மிக எளியதையும் கொடுத்துவிடுகிறோம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை நாம் அளந்து தந்ததைப் பாத்திரத்தில் கொட்டும், கையால் பிசையும், பேக்கிங் தாளைத் தட்டில் விரிக்கும். நான்கு, ஐந்து வயதில் அச்சை அழுத்தி வெட்டவும், கரண்டியால் ஐசிங் பூசவும், மேலே தூவவும் முடியும். ஆறு முதல் எட்டு வயதுக்குள் தராசைப் படித்து எடைபோடத் தெரிந்துவிடும். கட்டையால் தேய்ப்பதும் கைவரும். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் குறிப்பைக் கையில் கொடுத்து, அடுத்து என்ன என்பதை அவர்களே படித்துச் சொல்லும்படி விட்டுவிடுங்கள். ஓவனுக்குள் தட்டை வைப்பதும் எடுப்பதும் மட்டும் எல்லா வயதினருக்கும் பெரியவரின் வேலைதான். பதின்ம வயதை எட்டிய பிறகு, நீங்கள் அருகில் நிற்கும்போது, தடித்த கையுறையோடு அவர்கள் செய்து பழகலாம்.

வயது வேறுபட்ட பிள்ளைகள் சேர்ந்து செய்தால் பாத்திரம் ஒன்று போதாது. மாவை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிடுங்கள். அண்ணன் வேகமாக முடிக்க, தங்கை அழ, நாம் நடுவராக நிற்கிற நிலை அப்போது வராது.

முதல் அமர்வு: மாவு

இந்த மாவின் கணக்கை எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: எடையில் சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மைதா 3 பங்கு. 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 300 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ். ஆறு சென்டிமீட்டர் அளவுள்ள அச்சில் இதற்கு 30 முதல் 35 பிஸ்கட் வரும். கப் அளவை விட எடையே நம்பகமானது. ஏனென்றால் மைதாவை அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரு கப் 120 கிராமாகவும் இருக்கும், 150 கிராமாகவும் இருக்கும். குழந்தைகள் கப்பை அமுக்கி அமுக்கி நிரப்புவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இதில் முட்டையும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. பேக்கிங் பவுடர் சேர்த்தால் பிஸ்கட் உப்பி, குழந்தை வெட்டிய நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கிவிடும். முட்டையை விட்டதற்குக் காரணம், குழந்தைகள் எத்தனை முறை சொன்னாலும் விரலை நக்குவார்கள் என்பதே. ஆனால், முட்டை இல்லையென்பதால் பச்சை மாவைச் சாப்பிடலாம் என்று எண்ணிவிடக்கூடாது. மைதா சமைக்கப்படாத பொருள். வயலில் தானியத்தோடு ஒட்டிய கிருமிகள் அரைப்பதால் மட்டும் சாவதில்லை. 2016-இல் அமெரிக்காவில் மாவின் வழியாக ஈ.கோலி கிருமி பரவி 63 பேர் நோயுற்றார்கள். அவர்களுள் பச்சை மாவை வைத்து விளையாடிய குழந்தைகளும் இருந்தார்கள். எனவே, வேலையின்போது வாயில் போட்டுக்கொள்ள உலர்திராட்சையோ பழத்துண்டோ ஒரு கிண்ணத்தில் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். சும்மா வேண்டாம் என்று தடுப்பதைக் காட்டிலும் அது நன்றாக வேலை செய்கிறது.

செய்முறை இதுதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் இரண்டு நிமிடம் குழைக்கவேண்டும். நிறம் சற்று வெளுத்து, ஒரே சீராக ஆனதும் நிறுத்திவிடலாம். கேக்குக்கு அடிப்பதைப் போல நுரைக்க அடித்தால் உள்ளே காற்று புகுந்து, சுடும்போது வடிவம் கலையும். அடுத்து எசன்ஸ், உப்பு, பிறகு மைதா. மைதாவைப் போட்டதும் கரண்டியை வாங்கிக்கொண்டு கையால் செய்ய விடுங்கள். முதலில் அது ரொட்டித்தூளைப் போல உதிரியாக இருக்கும். குழந்தைகள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோய், "இது வரவே வராது" என்பார்கள். உதிரியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கைச்சூட்டில் வெண்ணெய் இளகி, பிடி கொழுக்கட்டை போல விரல் பதிந்த வடிவத்தில் நிற்கும். அதைக் கண்ட பிறகு அவர்களை நிறுத்துவதுதான் கடினம். எவ்வளவு பிடித்தும் உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி பால் தெளிக்கலாம், இரண்டுக்கு மேல் வேண்டாம்.

மாவு ஒன்றாகத் திரண்டதும் பிசைவதை நிறுத்திவிடவேண்டும். நெடுநேரம் பிசைந்தால் மைதாவிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இழுவை பெற்று, பிஸ்கட் ஓவனில் சுருங்கும். கடித்தால் விறைப்பாக இருக்கும். இன்னும் பிசைய ஆசைப்படும் குழந்தைக்கு, ஒரு சிறு உருண்டையைத் தனியே கிள்ளிக் கொடுத்துவிட்டுப் பெரிய உருண்டையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு வேலை செய்தால் மறுநாள் பாதிச் சுமை குறையும். மாவைக் குளிர்வித்துவிட்டுத் தேய்ப்பதே வழக்கம்; குளிர்ந்த மாவைத் தேய்க்கக் குழந்தைகளுக்குத் தோள்வலு போதாது. அதனால் மென்மையாக இருக்கும்போதே இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டு, பலகையோடு அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். தாளுக்குள் இருப்பதால் மேல்மாவு தூவத் தேவையில்லை. மேல்மாவு குறைந்தால் தரையும் சுத்தம், பிஸ்கட்டும் மொறுமொறுப்பு. தடிமன் 5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். மாவின் இரு பக்கமும் அந்தத் தடிமனுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து, சப்பாத்திக் கட்டையின் இரு முனைகளும் அவற்றின்மேல் ஓடும்படி தேய்த்தால், ஐந்து வயதுக் குழந்தை தேய்த்தாலும் எங்கும் ஒரே அளவாக வரும். ஒரே தடிமனுள்ள நான்கு பழைய அடிக்கோல்களைக் கழுவித் துடைத்து, பக்கத்துக்கு இரண்டாக ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கட்டியும் பயன்படுத்தலாம்.

இரண்டாம் அமர்வு: வெட்டுவதும் சுடுவதும்

குளிர்ந்த மாவுத் தகட்டை எடுத்து, மேல்தாளை ஒருமுறை உரித்துவிட்டு மறுபடி தளர்வாக மூடித் தலைகீழாகத் திருப்பி, அடித்தாளையும் உரித்துவிடுங்கள். இப்படிச் செய்தால் வெட்டிய துண்டுகள் தாளோடு ஒட்டி நிற்காமல் எளிதில் எழும்பும்.

அச்சு வாங்கும்போது மெல்லிய கால்களும் கூரிய வால்களும் உள்ள வடிவங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை எடுக்கும்போது உடையும், சுடும்போது நுனி கருகும். தடித்த முனைகள் கொண்ட நட்சத்திரம், மீன், இலை, வட்டம் ஆகியவை போதும். தகர அச்சானால் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு மடித்தும் இருக்கும். மடித்த பக்கத்தில் வண்ண டேப் ஒட்டிவிட்டால், உள்ளங்கை படவேண்டிய பக்கம் எது என்று குழந்தைக்கே தெரிந்துவிடும்.

முதல் அச்சை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். பிள்ளைகள் எல்லோரும் நட்டநடுவில்தான் வைப்பார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரு வடிவத்தின் பள்ளத்தில் அடுத்த வடிவத்தின் முனை பொருந்தும்படி நெருக்கி வைத்தால் மிச்சம் குறையும். என் மகள் முதலில் அச்சை அழுத்தியதும் திருகினாள். மூடியைத் திறப்பதைப் போல. திருகியதில் நட்சத்திரத்தின் ஒரு முனை பிய்ந்து வந்தது. நேராகக் கீழே அழுத்தி, "ஒன்று, இரண்டு" எண்ணி, நேராக மேலே எடுக்கவேண்டும் என்று காட்டிய பிறகு, அவள் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வெட்டினாள். பிய்ந்த முனையை விரலில் ஒரு சொட்டுப் பால் தொட்டு ஒட்டி, மேலே தடவிவிட்டால் சுட்ட பிறகு தழும்பு தெரியாது.

மிச்சத்தைத் திரட்டி இரண்டாம் முறை தேய்க்கலாம். மூன்றாம் முறைக்கு மாவு விறைத்துவிடும். அதை அச்சில் வெட்டாமல் பாம்பாகவோ நத்தையாகவோ கையால் உருட்டச் சொல்லுங்கள். வீட்டில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் அந்தப் பாம்புகள்தான்.

வெட்டிய துண்டுகளை ஒன்றரை விரல் இடைவெளி விட்டு, தாள் விரித்த தட்டில் அடுக்கி, 15 நிமிடம் மீண்டும் குளிரில் வைக்கவேண்டும். குழந்தையின் கைச்சூட்டில் இளகிய வெண்ணெய் இறுகிய பின் ஓவனுக்குள் போனால்தான் விளிம்பு கூராக நிற்கும். ஒரு தட்டில் ஒரே அளவுள்ளவற்றை மட்டும் வையுங்கள். பெரியதும் சிறியதும் கலந்தால் சிறியது கருகியிருக்கும்போது பெரியது வெந்திருக்காது. தாளின் ஓரத்தில் பென்சிலால் பிள்ளைகளின் பெயரை எழுதிவைப்பதும் அவசியம். தன்னுடையது எது என்று தெரியாமல் போவதைப் போன்ற துயரம் அவர்களுக்கு வேறில்லை.

ஓவனை 170 டிகிரிக்கு, காற்றாடி ஓடும் ஓவனானால் 155 டிகிரிக்கு, கால் மணி நேரம் முன்பே சூடாக்கியிருக்கவேண்டும். நடுத்தட்டில் வைத்து 12 முதல் 15 நிமிடம். பத்தாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓரம் மட்டும் இளம்பொன் நிறமாக மாறி, நடுப்பகுதி வெளிறியே இருக்கும்போது எடுத்துவிடவேண்டும். எடுத்த உடனே தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று எண்ணி மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஆறும்போதுதான் அது இறுகும். பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பித்தட்டுக்கு மாற்றலாம். சூடான தட்டைக் குழந்தையின் கை எட்டாத உயரத்தில், மேடையின் உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். அப்படியும் யாருக்காவது சுட்டுவிட்டால், பனிக்கட்டியோ பற்பசையோ வெண்ணெயோ தடவாமல், குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டவேண்டும்; கொப்புளம் பெரிதாக எழுந்தால் மருத்துவரிடம் போய்விடுவதே சரி.

மூன்றாம் அமர்வு: ஐசிங்

பிஸ்கட் முழுமையாக ஆறியிருக்கவேண்டும் என்பதே இங்கே முதல் விதி. வெதுவெதுப்பு மிச்சமிருந்தாலும் ஐசிங் உருகி வழிந்துவிடும். முதல் நாளே சுட்டு வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

200 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சலித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி பால் அல்லது தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பிறகு கால் கால் தேக்கரண்டியாகச் சேர்த்துப் பதம் பாருங்கள். கரண்டியால் எடுத்து மேலே ஒரு கோடு விழும்படி ஊற்றினால், அந்தக் கோடு பத்து எண்ணி முடிக்கும் வேளையில் மறைந்து சமமாகவேண்டும். சீக்கிரம் மறைந்தால் தண்ணீர் அதிகம், இன்னும் சர்க்கரை போடவேண்டும். இருபது எண்ணியும் மறையவில்லையென்றால் கெட்டி. இந்த எண்ணும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடுங்கள், மிகுந்த நேர்மையோடு செய்வார்கள். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் ஐசிங் அழகாக இறுகும் என்றாலும், சிறு குழந்தைகள் உண்ணப்போகும் பண்டத்துக்கு அதை நான் சேர்ப்பதில்லை.

நிறத்துக்கு ஜெல் வகைச் சாயமே ஏற்றது. திரவச் சாயம் ஐசிங்கை நீர்க்கச் செய்துவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு எடுக்கும் அளவே ஒரு கிண்ணத்துக்குப் போதும். சில மணி நேரத்தில் நிறம் இன்னும் அடர்த்தியாகும் என்பதால், வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று நிறங்களுக்கு மேல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் கலந்து மண்நிறமாகிவிடும். இரண்டு நிறமும் ஒரு வெள்ளையும் என் பரிந்துரை.

ஐசிங்கைப் பிழிந்து கோடு போடும் பைப்பிங் பை இல்லையென்றாலும் தடித்த பிளாஸ்டிக் பை போதும். பையை ஒரு தம்ளருக்குள் இறக்கி, வாயை விளிம்பின்மேல் மடித்துவிட்டு, பாதியளவு மட்டும் ஊற்றி, மேல்பகுதியை முறுக்கி ரப்பர் வளையம் போடுங்கள். மூலையில் 2 மில்லிமீட்டர் வெட்டினால் போதும். குழந்தைகள் பையை நடுவில் பிடித்து அமுக்குவார்கள், ஐசிங் மேல்வழியாக முழங்கைக்கு வரும். முறுக்கிய இடத்தில் ஒரு கை பிடித்து அமுக்கவேண்டும், மறு கையின் விரல் நுனியை வழிநடத்தவேண்டும். முதலில் ஒரு தட்டில் கோடும் புள்ளியும் போட்டுப் பழகட்டும். பிறகு பிஸ்கட்டின் ஓரத்தைச் சுற்றி வரம்பு கட்டுவதைப் போல ஒரு கோடு போட்டு, உள்ளே நிரப்பி, இடுக்குகளுக்குப் பல்குத்தும் குச்சியால் தள்ளிவிடலாம். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பை வேண்டாம். ஒரு சின்னக் கரண்டி போதும்.

மேலே தூவுவதை உடனே தூவவேண்டும். ஐந்து நிமிடம் போனால் மேற்பரப்பு ஏடு கட்டி, தூவியது ஒட்டாமல் உருண்டுவிடும். தூவும் பொருளை வாங்கும்போது பொதியைத் திருப்பிப் படியுங்கள். மினுமினுக்கும் தூள்கள் சிலவற்றில் "நச்சுத்தன்மையற்றது" என்று மட்டும் எழுதியிருக்கும்; அது அலங்காரத்துக்கான பொருளே தவிர உணவு அன்று. "உண்ணத்தக்கது" என்ற சொல்லும், உள்ளே சேர்ந்த பொருள்களின் பட்டியலும் இருந்தால் மட்டுமே வாங்கவேண்டும். வெள்ளி நிறக் கடின மணிகளையும் நான் தவிர்த்துவிடுகிறேன். பால்பற்களுக்கு அவை மிகக் கடினம்.

பூசிய பிஸ்கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி, இரவு முழுவதும் உலரவிடவேண்டும். ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறம் வரவேண்டுமானால், முதல் நிறம் சில மணி நேரம் உலர்ந்த பின் அடுத்ததைப் போட்டால் சாயம் ஊறிக் கலக்காது.

யாருக்கு எதைக் கொடுக்கக்கூடாது

செய்தவற்றைப் பிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுப்பீர்கள் என்பதால் இது முக்கியம். முழு நிலக்கடலை, பாதாம் போன்ற கொட்டைகளை ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது, மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். பாப்கார்னும் உருண்டையான கெட்டி மிட்டாயும் அப்படியே. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் நுண்வித்துகள் தேனில் இருக்கக்கூடும், பிஸ்கட் சுடும் சூட்டில் அவை சாவதில்லை. கோதுமை, பால், முட்டை, சோயா, எள், நிலக்கடலை, மரக்கொட்டைகள் ஆகியவற்றால் பலருக்கு ஒவ்வாமை வருவதால், டப்பாவின்மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். எழுதப் பழகிய குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான கையெழுத்துப் பயிற்சி கிடையாது.

ஓவன் இல்லாத வீட்டில்

கொக்கோ உருண்டை செய்யலாம். 250 கிராம் சாதா பிஸ்கட்டைத் தடித்த பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, குழந்தைகளிடம் சப்பாத்திக் கட்டையைக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். தூளானதும் மூன்று மேசைக்கரண்டி கொக்கோ தூள் கலந்து, கண்டென்ஸ்டு மில்க்கைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, பிடித்தால் நிற்கும் பதம் வரும்வரை பிசையவேண்டும். ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். அரை மணி நேரம் குளிரில் வைத்து, கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு உருட்டி, தேங்காய்த் துருவலிலோ கொக்கோவிலோ புரட்டி எடுக்கலாம். உருண்டை சிறு எலுமிச்சை அளவைத் தாண்டவேண்டாம், இது மிகவும் இனிப்பானது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கும்போது நான்காக வெட்டிக் கொடுங்கள்.

சாக்லேட்டில் தோய்த்தல்

ஐசிங் பூசாமல் எடுத்துவைத்த பிஸ்கட்டையோ உலர்பழத் துண்டையோ பாதியளவு சாக்லேட்டில் தோய்த்து எடுப்பது ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை. உருக்குவதைப் பெரியவர் செய்யவேண்டும். 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கைத் தனியே வைத்துவிட்டு, மற்றதை மைக்ரோவேவில் பாதிச் சூட்டில் 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி உருக்குங்கள். உருகியதும், தனியே வைத்ததைப் போட்டு அது கரையும்வரை கிளறவேண்டும். வெப்பமானி இருந்தால் 31, 32 டிகிரிக்கு இறங்கியதும் தோய்க்கலாம். இல்லையென்றால் ஒரு சொட்டை உதட்டின் கீழே தொட்டுப் பாருங்கள், சற்றுக் குளிர்ந்தாற்போல் இருக்கவேண்டும். இப்படிச் செய்தால் சாக்லேட் பளபளப்பாக இறுகும், கையில் பிசுபிசுக்காது. செய்யாவிட்டால் மேலே சாம்பல் பூத்தாற்போல் கோடுகள் தெரியும். அது கொக்கோ கொழுப்புதான், சாப்பிடுவதில் குற்றமில்லை.

தண்ணீரை மட்டும் அண்டவிடக்கூடாது. ஈரக்கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் சர்க்கரையும் கொக்கோவும் அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு, வழவழப்பான சாக்லேட் ஒரு நொடியில் மணல்போல் கட்டிவிடும். ஆகவே கிண்ணம், கரண்டி, குழந்தையின் விரல் எல்லாம் துடைத்து உலர்ந்திருக்கவேண்டும். நனைந்த பழங்களைத் தோய்ப்பதும் வேண்டாம். கட்டிவிட்டதைக் கொட்டிவிடாமல், சூடான பால் சேர்த்துக் கலக்கினால் குடிக்கும் சாக்லேட்டாகிவிடும்.

எடுத்துவைப்பது

ஐசிங் இல்லாத பிஸ்கட் காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் வரையிலும், ஐசிங் பூசியது ஒரு வாரம் வரையிலும் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். அடுக்குகளுக்கு நடுவில் பேக்கிங் தாள் வையுங்கள். ஐசிங் பூசியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுக்கும்போது வியர்த்து நிறம் ஒழுகும். சுடாத மாவை இறுகச் சுற்றி வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள், உறைபெட்டியில் இரண்டு மாதம் தாங்கும். தேய்த்த தகடாகவே உறையவைத்து, மேலே தேதி எழுதிவையுங்கள். மழைபெய்து வெளியே போகமுடியாத ஒரு மாலையில், பதினைந்து நிமிடம் வெளியே வைத்து இளக்கினால் நேராக அச்சிலிருந்தே தொடங்கிவிடலாம்.